மென்தசையைச் சுருக்குவது எந்த ஏற்பி? துணைவகைகளைப் பிரித்தறியும் வழி

கினிப்பன்றியின் சிறுகுடலிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, சிறிது அசிட்டைல்கோலின் சேர்த்தால் துண்டு உடனே சுருங்கும். அதே அசிட்டைல்கோலினை, வேறொரு மருந்தால் ஏற்கெனவே சுருக்கி வைத்திருக்கும் எலிப் பெருந்தமனி வளையத்துக்குக் கொடுத்தால் வளையம் தளரும். மருந்து ஒன்றுதான். இரண்டு இடத்திலும் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியும் (மருந்து வந்து ஒட்டும் செல்லின் புரதம்) ஒன்றுதான், மஸ்கரினிக் எனப்படும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் எம்3 என்ற துணைவகை. விளைவு மட்டும் நேரெதிர்.

காரணம், ஏற்பி இருக்கும் இடம். குடலில் எம்3 தசைச் செல்லின் மேலேயே இருக்கிறது. பெருந்தமனியிலோ, குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் எண்டோதீலியச் செல்லில் இருக்கிறது. அங்கே தூண்டப்பட்டதும் அந்தச் செல் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும். அது பக்கத்துத் தசைக்குள் புகுந்து அதைத் தளர்த்தும். வளையத்தின் உட்புறத்தை மெல்லத் தேய்த்து எண்டோதீலியத்தை எடுத்துவிட்டால் தளர்ச்சி காணாமல் போய்விடும். ராபர்ட் ஃபர்ச்காட்டும் ஜான் ஜவாட்ஸ்கியும் 1980இல் முயல் பெருந்தமனியில் காட்டியது இதைத்தான். அதற்கு முன்பு, தமனியை வெட்டித் தயாரிக்கும்போதே உட்படை தேய்ந்துபோய்விடுவதைக் கவனிக்காமல், தனித்தெடுத்த தமனியை அசிட்டைல்கோலின் சுருக்கும் என்றே பதிவு செய்துவந்தார்கள்.

ஆகவே மருந்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு திசு சுருங்குமா, தளருமா என்று சொல்ல முடியாது. எந்தத் துணைவகை ஏற்பி, அது எந்தச் செல்லில் இருக்கிறது, செல்லுக்குள் எதனோடு இணைந்திருக்கிறது என்ற மூன்றும் தெரிய வேண்டும்.

செல்லுக்குள் நடப்பது

எலும்புத் தசையில் இருக்கும் ட்ரோபோனின் என்ற புரதம், குடல், இரத்தக்குழாய் போன்றவற்றின் சுவரில் உள்ள மென்தசையில் கிடையாது. இங்கே கால்சியம் முதலில் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்கிறது. இந்த இணை, மயோசின் லைட் செயின் கைனேஸ் என்ற நொதியை முடுக்குகிறது. அந்த நொதி மயோசினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டவைத்ததும் மயோசின் ஆக்டினைப் பிடித்து இழுக்கத் தொடங்குகிறது. மயோசின் பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றினால் தசை தளரும். ஏற்பிகள் எல்லாம் கடைசியில் வந்து சேர்வது இந்த இரண்டு நொதிகளிடம்தான்.

மென்தசையைச் சுருக்கும் ஏற்பிகளில் பெரும்பாலானவை ஜிக்யூ என்ற ஜி-புரதத்தோடு (ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதம்) இணைந்தவை. மஸ்கரினிக் எம்3, அட்ரினலினின் ஆல்ஃபா-1, ஹிஸ்டமின் எச்1, செரட்டோனின் 5-எச்டி2ஏ, ஆஞ்சியோடென்சின் ஏடி1, எண்டோதீலின் ஈடிஏ எல்லாம் இந்தக் கூட்டம். இவை தூண்டப்பட்டால் பாஸ்போலிப்பேஸ் சி என்ற நொதி முடுக்கப்பட்டு ஐபி3 என்ற செய்தி மூலக்கூறு உருவாகும். ஐபி3 செல்லுக்குள் சேமித்து வைக்கப்பட்ட கால்சியத்தை வெளியே விடும். இவற்றில் பல, ரோ கைனேஸ் என்ற நொதி வழியாக மயோசின் பாஸ்பட்டேஸையும் முடக்கிவைக்கும். அப்போது கால்சியம் சற்றுக் குறைந்த பிறகும் சுருக்கம் நிலைத்து நிற்கும்.

பீட்டா-2, ஹிஸ்டமின் எச்2 போன்றவை ஜிஎஸ் புரதத்தோடு இணைந்தவை. இவை சுழற்சி ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறின் அளவை உயர்த்தித் தசையைத் தளர்த்தும். எம்2, ஆல்ஃபா-2 போன்றவை ஜிஐ புரதத்தோடு சேர்ந்து அதே சுழற்சி ஏஎம்பியைக் குறைக்கும். இந்த மூன்று வழிகளுக்கும் வெளியே நிற்பது பி2எக்ஸ்1. அது ஏடிபி வந்து ஒட்டியதும் தானே திறக்கும் ஓர் அயனி வாயில். விந்துக்குழாயிலும் சிறுநீர்ப்பையிலும் நரம்பு தூண்டப்பட்டவுடன் தெரியும் விரைவான முதல் சுருக்கம் பெரிதும் இதன் வேலை.

ஜிக்யூ என்றால் எப்போதும் சுருக்கம்தான் என்று மனப்பாடம் செய்துகொள்ளவும் முடியாது. இரத்தக்குழாயில் ஆல்ஃபா-1 சுருக்குகிறது. கினிப்பன்றியின் பெருங்குடல் தசைப்பட்டையில் ஆல்ஃபா ஏற்பியைத் தூண்டினால் தசை தளர்கிறது. அங்கே வெளிவரும் கால்சியம், சவ்வில் உள்ள பொட்டாசியம் வாயில்களைத் திறந்துவிடுகிறது. பொட்டாசியம் வெளியேறுவதால் செல்லின் மின்னழுத்தம் இறங்கித் தசை ஓய்கிறது. அந்த வாயில்களை அடைக்கும் அப்பமின் என்ற தேனீ நஞ்சுப் பொருளைச் சேர்த்தால் இந்தத் தளர்ச்சி நின்றுவிடும்.

ஒரே மருந்து, எதிரெதிர் ஏற்பிகள்

துணைவகை என்ற எண்ணமே இப்படிப்பட்ட முரண்களிலிருந்துதான் பிறந்தது. ஹென்றி டேல் 1906இல் எர்காட் என்ற பூஞ்சைப் பொருளைக் கொடுத்த விலங்குக்கு அட்ரினலின் செலுத்தியபோது, உயர வேண்டிய இரத்த அழுத்தம் இறங்கியது. எர்காட் ஆல்ஃபா ஏற்பிகளை அடைத்துவிட்டதால், அதுவரை மறைந்திருந்த பீட்டா-2 தளர்ச்சி வெளியே தெரிந்தது என்று இன்று விளக்குகிறோம். அந்த விளக்கத்துக்கு அடிப்படையான ஆல்ஃபா, பீட்டா பிரிவினையை ரேமண்ட் ஆல்க்விஸ்ட் முன்வைத்தது 1948இல். அவர் பல தூண்டிகளின் (ஏற்பியைச் செயல்பட வைக்கும் மருந்துகளின்) வீரிய வரிசையைத் திசுவுக்குத் திசு ஒப்பிட்டார். வரிசை இரண்டு விதமாக மட்டுமே அமைந்ததால், ஏற்பியும் இரண்டு விதம் என்று முடிவுசெய்தார்.

இன்று ஆல்ஃபா-1 மட்டுமே 1ஏ, 1பி, 1டி என மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. எலியின் பெருந்தமனியில் சுருக்கத்துக்கு முக்கியப் பொறுப்பு 1டி. எலியின் விந்துக்குழாயிலும் மனிதப் புராஸ்டேட்டிலும் 1ஏ. சிறுநீர் அடைப்புக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் 1ஏ மீது கூடுதல் பிடிப்பு கொண்டது; அதனால் இரத்த அழுத்தத்தைப் பெரிதாகக் குலைக்காமல் புராஸ்டேட் தசையைத் தளர்த்த முடிகிறது. துணைவகையைப் பிரிப்பதால் மருத்துவத்தில் என்ன பயன் என்று கேட்பவருக்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

எம்2 அதிகம், எம்3 சுருக்குகிறது

குடல், மூச்சுக்குழல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் மென்தசையில் மஸ்கரினிக் ஏற்பிகளை எண்ணினால் பெரும்பங்கு எம்2. பல திசுக்களில் ஐந்தில் நான்கு பங்கு வரை அதுவே. எம்3 சிறுபான்மைதான். ஆனாலும் நேரடிச் சுருக்கத்தை நடத்துவது எம்3. எம்3 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் சிறுநீர்ப்பை, அசிட்டைல்கோலின் போன்ற கார்பக்கால் என்ற தூண்டிக்கு மிகச் சிறிதளவே சுருங்குகிறது. அதே சுண்டெலியின் குடலில் ஓரளவு சுருக்கம் மிஞ்சுகிறது. எம்2, எம்3 இரண்டையும் நீக்கினால் மிஞ்சியதும் போய்விடுகிறது.

அப்படியென்றால் எம்2 அங்கே என்னதான் செய்கிறது? தளர்ச்சியைத் தடுக்கிறது. அட்ரினலின் பீட்டா ஏற்பி வழியாகச் சுழற்சி ஏஎம்பியை உயர்த்தும்போது எம்2 அதைக் கீழே இழுக்கிறது. சாதாரண ஆர்கன் பாத்தில் (திசுத் துண்டைத் தொங்கவிடும் கரைசல் தொட்டி) சுழற்சி ஏஎம்பி முதலிலேயே குறைவாகத்தான் இருக்கும் என்பதால் இந்த வேலை கண்ணில் படாது. அதைப் பார்க்க வேண்டுமானால் எம்3யை மீளாத தடுப்பானால் அடைத்து, ஹிஸ்டமினால் தசையைச் சுருக்கி, சுழற்சி ஏஎம்பியை உயர்த்தும் ஐசோபிரினலின் அல்லது ஃபோர்ஸ்கோலினால் அதைத் தளர்த்தி, பிறகு மஸ்கரினிக் தூண்டியைக் கொடுக்க வேண்டும். அப்போது எம்2 வழிச் சுருக்கம் எழும். எனவே ஒரு திசுவில் எம்2வின் ஆர்என்ஏ அதிகம், அதனால் சுருக்குவது எம்2 என்று எழுதுவது தவறு. எண்ணிக்கை சொல்வது இருப்பை. செயலை ஆர்கன் பாத்தில்தான் பார்க்க வேண்டும்.

அடையாளம் காட்டுவது தடுப்பான்

தொடக்கத்தில் பலரும் தூண்டியின் வீரியத்தை வைத்தே ஏற்பியைச் சொல்ல முயல்வார்கள். இது நம்பகமான வழியல்ல. ஒரு தூண்டியின் இசி50, அதாவது உச்ச விளைவில் பாதியைத் தரும் செறிவு, அந்தத் திசுவில் உபரி ஏற்பிகள் எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும். உபரி அதிகமுள்ள திசுவில் பலவீனமான தூண்டிகூட முழுத் தூண்டிபோலத் தோன்றும். போட்டித் தடுப்பானின், அதாவது ஏற்பியில் தூண்டியோடு ஒரே இடத்துக்குப் போட்டியிடும் மருந்தின், பிடிப்பு அப்படியில்லை. அது தடுப்பானும் ஏற்பியும் மட்டும் சேர்ந்து முடிவுசெய்யும் எண். திசு மாறினாலும் ஏற்பி அதுவாகவே இருந்தால் எண்ணும் அதுவாகவே இருக்க வேண்டும்.

அந்த எண்தான் பிஏ2; எண் கூடினால் பிடிப்பும் வலு. ஹெயின்ஸ் ஷில்ட் 1947இல் முன்வைத்தார். 1959இல் அருண்லக்சனாவும் ஷில்டும் இன்று பயன்படும் வரைபட முறையை வெளியிட்டார்கள். கணக்கு எளிது. தடுப்பான் இல்லாமல் கார்பக்காலின் இசி50 0.1 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். அட்ரோபின் என்ற தடுப்பானை 10 நானோமோலார் சேர்த்த பிறகு அது 1.1 மைக்ரோமோலார் ஆகிறது. விகிதம் 11. அதில் 1ஐக் கழித்தால் 10. அதன் மடக்கை 1. அட்ரோபினின் செறிவு 10இன் அடுக்கு −8 மோலார். குறியை மாற்றினால் 8. இரண்டையும் கூட்டினால் 9. மஸ்கரினிக் ஏற்பியில் அட்ரோபினுக்கு எதிர்பார்க்கும் மதிப்பும் கிட்டத்தட்ட 9தான்.

ஆனால் அட்ரோபின் எம்1, எம்2, எம்3 எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே மாதிரி பிடிக்கும். அதனால் மஸ்கரினிக் ஏற்பி என்பது வரைதான் அது சொல்லும். துணைவகையைப் பிரிக்க மெத்தோக்ட்ரமின் என்ற தடுப்பான் வேண்டும். அதன் மதிப்பு எம்2வில் சுமார் 8, எம்3யில் சுமார் 6. இதையே கணக்கில் போட்டுப் பாருங்கள். 1 மைக்ரோமோலார் மெத்தோக்ட்ரமின் கொடுத்தால், சுருக்குவது எம்2வாக இருந்தால், தூண்டியின் செறிவுக்கு எதிரே சுருக்கத்தை வரைந்த வளைகோடு சுமார் 101 மடங்கு வலப்புறம் நகரும். எம்3யாக இருந்தால் 2 மடங்குதான். இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தாளில் போட்டதும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். டாரிஃபெனசின் இதற்கு நேரெதிர். எம்3யில் வலுவாகவும் எம்2வில் பலவீனமாகவும் பிடிக்கும். இரண்டும் ஒரே முடிவைச் சொன்னால்தான் நம்புங்கள். ஒரே ஒரு தடுப்பானை வைத்துத் துணைவகையை அறிவிப்பது அவசரம்.

பிற குடும்பங்களிலும் வழி இதுவே. ஆல்ஃபா-1க்குப் பிரசோசின், ஆல்ஃபா-2க்கு யோகிம்பின், 1டி என்ற ஐயம் வந்தால் பிஎம்ஒய் 7378, எச்1க்கு மெபிரமின். மெபிரமினின் பிஏ2 கினிப்பன்றிக் குடலில் 9ஐ ஒட்டி வரும்.

தடுப்பானை மூன்று செறிவிலாவது பயன்படுத்தி, விகிதத்திலிருந்து 1 கழித்த எண்ணின் மடக்கையைத் தடுப்பான் செறிவின் மடக்கைக்கு எதிரே வரையுங்கள். நேர்கோடாகவும் சாய்வு 1ஐ ஒட்டியும் வந்தால் எளிய போட்டி, ஒரே ஏற்பி. சாய்வு 1ஐவிடத் தெளிவாகக் குறைந்தால் இரண்டு துணைவகைகள் கலந்து வேலை செய்யலாம், அல்லது திசு தூண்டியை இடையிலேயே அகற்றிக்கொண்டிருக்கலாம். 1ஐவிட அதிகமாக வந்தால், குறைந்த செறிவில் தடுப்பானுக்குச் சமநிலை அடைய நேரம் போதவில்லையா என்று முதலில் பாருங்கள். உச்சச் சுருக்கமே தாழ்ந்துவிட்டால் அது எளிய போட்டித் தடுப்பு இல்லை. அந்தத் தரவை ஷில்ட் கோட்டில் போடக் கூடாது.

ஆர்கன் பாத்தில் செய்யும்போது

திசுவை மூழ்கவைக்கும் உப்புக் கரைசலான கிரெப்ஸ் கரைசலின் வழக்கமான அளவு, மில்லிமோலாரில்: சோடியம் குளோரைடு 118, பொட்டாசியம் குளோரைடு 4.7, கால்சியம் குளோரைடு 2.5, மெக்னீசியம் சல்பேட் 1.2, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.2, சோடியம் பைகார்பனேட் 25, குளுக்கோஸ் 11. ஆக்சிஜன் 95 விழுக்காடும் கார்பன் டைஆக்சைடு 5 விழுக்காடும் கலந்த வாயு குமிழியிட வேண்டும். வெப்பம் 37 டிகிரி. கால்சியத்தைக் கடைசியில், வாயு ஓடத் தொடங்கிய பிறகு, நீர்த்த நிலையில் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் பைகார்பனேட்டோடும் பாஸ்பேட்டோடும் கூடிக் கரைசல் பால்போலக் கலங்கும். கலங்கிய கரைசலைப் பயன்படுத்த வேண்டாம், கொட்டிவிடுங்கள். கால்சியம் வீழ்படிவாகப் போயிருப்பதால் சுருக்கம் பலவீனமாக வரும். பழி ஏற்பியின் மேல் விழும்.

குடல் துண்டு 2 முதல் 3 சென்டிமீட்டர், இழுவிசை சுமார் 1 கிராம். எலிப் பெருந்தமனி வளையம் 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலம், இழுவிசை 1.5 முதல் 2 கிராம். ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றி, திசுவை நிலைப்படுத்துங்கள். பிறகு 60 முதல் 80 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு கொடுங்கள். இது ஏற்பியைத் தொடாமல் மின்னழுத்தத்தை மாற்றிக் கால்சியம் வாயில்களைத் திறப்பதால், தசை உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். பின்னர் வரும் சுருக்கங்களை இதன் விழுக்காடாகச் சொல்லலாம். நரம்பு முனைகளையும் இது தூண்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம். நரம்பு அடர்ந்த திசுவில் ஏற்பித் தடுப்பான் சேர்த்துத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

மருந்தைப் படிப்படியாகக் கூட்டும் கணக்கில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 10 மில்லிலிட்டர் பாத் என்றால், 10இன் அடுக்கு −6 மோலார் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் விட்டதும் பாத்தில் 1 நானோமோலார். அதே கரைசலில் இன்னும் 20 மைக்ரோலிட்டர். மொத்தம் 3 நானோமோலார். இனி பத்து மடங்கு செறிந்த கரைசலில் 7 மைக்ரோலிட்டர், மொத்தம் 10. அதிலேயே 20 மைக்ரோலிட்டர், மொத்தம் 30. பத்து மடங்கு செறிந்த அடுத்த கரைசல், 7, 20 என்று இப்படியே ஏறலாம். ஒவ்வொரு சுருக்கமும் உச்சத்தைத் தொட்ட பிறகே அடுத்த அளவு. சேர்க்கும் மொத்தம் பாத் கொள்ளளவில் 1 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து படிகளுக்கும் (10, 20, 7, 20, 7 மைக்ரோலிட்டர்) சேர்த்து 0.64 விழுக்காடுதான் ஆகிறது, செறிவு ஏற ஏறக் கவனம் வேண்டும். தடுப்பானைக் குறைந்தது 30 நிமிடம் இருக்க விடுங்கள், பிடிப்பு வலுவானால் ஒரு மணி நேரம். பக்கத்துப் பாத்தில் தடுப்பான் இல்லாமல் அதே நேரத்தில் இரண்டு வளைகோடுகள் எடுத்த துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும். நேரம் ஆக ஆகத் திசுவின் உணர்திறன் தானாகவே மாறும். அதைத் தடுப்பானின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

முடிவைத் திரிப்பவை

அட்ரோபின் அடைத்தது, எனவே என் மருந்து மஸ்கரினிக் ஏற்பியில் வேலை செய்கிறது. இந்த வாதம் கேட்கச் சரியாக இருக்கும், பல நேரம் தவறாக முடியும். கினிப்பன்றிக் குடலில் நிக்கோட்டின் தசையைத் தொடுவதில்லை. குடல் சுவரில் உள்ள நரம்புச் செல்லைத் தூண்டுகிறது. அந்த நரம்பு அசிட்டைல்கோலினை விடுகிறது. அதுதான் தசையைச் சுருக்குகிறது. அட்ரோபின் கடைசிக் கண்ணியை அறுக்கிறது, அவ்வளவுதான். செரட்டோனினும் 5-எச்டி3 ஏற்பி வழியாக இதே பாதையில் சுருக்கத்தைத் தரும். நரம்பைச் செயலிழக்க வைக்கும் டெட்ரோடோடாக்சினைச் சேர்த்துப் பாருங்கள். சுருக்கம் போய்விட்டால் மருந்து வேலை செய்தது நரம்பில்.

திசு மருந்தை விழுங்குவது இன்னொரு தொல்லை. அசிட்டைல்கோலினை எஸ்டரேஸ் நொதி உடைத்துவிடும், அதனால்தான் கார்பக்காலைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் கார்பக்காலுக்கு நிக்கோட்டினிக் ஏற்பியைத் தூண்டும் குணமும் உண்டு. குடலில் ஹெக்சாமெத்தோனியம் சேர்த்து அதை ஒதுக்கலாம். நார்அட்ரினலினை நரம்பு முனைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். விந்துக்குழாய்போல நரம்பு அடர்ந்த திசுவில், ஏற்பியின் அருகே உள்ள செறிவு பாத்தில் உள்ளதைவிடக் குறைந்துவிடும். தடுப்பானின் மதிப்பும் சாய்வும் கெடும். டெசிப்ரமின் அல்லது கோகெய்ன் சேர்த்து இந்த வழியை அடைக்கிறார்கள்; ஆல்ஃபாவை மட்டும் பார்க்க பீட்டா தடுப்பானான புரொப்ரனலாலையும் 1 மைக்ரோமோலார் சேர்க்கிறார்கள். நார்அட்ரினலின் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து இளஞ்சிவப்பாகும். சேமிப்புக் கரைசலில் அஸ்கார்பிக் அமிலம் கலந்து, பனிக்கட்டி மேல் வையுங்கள்.

பி2எக்ஸ்1 ஏற்பி சில நொடிகளிலேயே மரத்துப்போகும். அடுத்தடுத்து ஏடிபி கொடுத்து வளைகோடு எடுக்க முயன்றால் இரண்டாவது சுருக்கமே குன்றிப்போயிருக்கும். இங்கே படிப்படியாகக் கூட்டும் முறை பயன்படாது. ஒவ்வோர் அளவுக்கும் இடையே கழுவி, நீண்ட ஓய்வு கொடுக்க வேண்டும்.

விலங்கின் இனமும் நிலையும்

கினிப்பன்றிக் குடல் ஹிஸ்டமினுக்கு வலுவாகச் சுருங்கும். எலிக் குடல் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. கினிப்பன்றியின் கருப்பையை எச்1 சுருக்குகிறது, எலியின் கருப்பையை எச்2 தளர்த்துகிறது. முயலில் சில விலங்குகளின் இரத்தத்திலும் திசுவிலும் அட்ரோபினை உடைக்கும் எஸ்டரேஸ் இருக்கும். அங்கே அட்ரோபின் வேலை செய்யவில்லை என்றால் உடனே வேறு ஏற்பியைத் தேடிப் போக வேண்டாம். ஒரு விலங்கில் கண்ட துணைவகையை இன்னொரு விலங்குக்கு அப்படியே ஏற்றிச் சொல்லும் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஒரே இனத்துக்குள்ளும் ஹார்மோன் நிலை கணக்கைப் புரட்டிப்போடும். கருவுறாத பூனையின் கருப்பை அட்ரினலினுக்குத் தளர்கிறது, கருவுற்ற பூனையின் கருப்பை அதே அட்ரினலினுக்குச் சுருங்குகிறது. எலிக் கருப்பையில் வேலை செய்பவர்கள் இதனால்தான் முந்தைய நாளே ஈஸ்ட்ரோஜன் கொடுத்து எல்லா விலங்குகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். தானாக எழும் சுருக்கங்களை அடக்க, கால்சியம் குறைந்த டி ஜலோன் கரைசலையும் 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தையும் பயன்படுத்துகிறார்கள். பதிவேட்டில் இனம், பால், எடை, குடலானால் எந்தப் பகுதி, கருப்பையானால் சுழற்சியின் எந்தக் கட்டம், தமனியானால் எண்டோதீலியம் இருந்ததா இல்லையா என்பதை மருந்தின் பெயருக்கு முன்னால் எழுதுங்கள். எண்டோதீலியம் இருந்ததை எப்படி உறுதிசெய்தீர்கள் என்பதும் வேண்டும்: ஃபினைலெஃப்ரினால் சுருக்கிய வளையத்துக்கு 1 மைக்ரோமோலார் அசிட்டைல்கோலின் கொடுத்து, எத்தனை விழுக்காடு தளர்ந்தது என்ற எண்.